நிலக்கீழ் நீச்சல் குளம்

நெஞ்சுவரை ஏறும் ரப்பர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, நிரம்பிய பாத்டப்பில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்த ஐம்பது வயது மனிதன் நான்தான். வசந்தம் வந்தால், இறகில் செய்த பூச்சியைத் தூண்டிலில் கட்டி ட்ரௌட் மீன் பிடிக்க வருபவர்களை ஆற்றுக்குள் கூட்டிப்போவது என் தொழில். காற்சட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது.

ஓட்டை இல்லை. ஆனால் அந்த ரப்பர் மணம், கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் முதலில் குடியிருந்த, இப்போது இடித்துவிட்ட அடுக்குமாடியின் நிலக்கீழ் நீச்சல் குளத்துக்கு என்னைக் கொண்டுபோனது. நீலச் சுவர்கள், கத்தினால் இரண்டு தடவை திரும்பிவரும் எங்கள் குரல், ஆழமான பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்கள், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய், அம்மா கூப்பிடும்வரை கையை வீசி வீசி நான் நீந்தியது, பிறகு தேய்ந்த முழங்காலுக்கு அவர் மருந்து பூசியது. நீந்துகிறவனுக்கு முழங்கால் ஏன் தேயவேண்டும்? தலை துவட்டியதாக ஏன் ஞாபகமே இல்லை? குளத்துக்குள் டயரை யார் அடுக்குவார்கள்?

குழம்பிப்போனேன். வருடாவருடம் பாதுகாப்புப் படிவத்தில் நீச்சல் தெரியும் என்று நான் எழுதுவது அந்தக் குளத்தை நம்பித்தான். அதற்குப் பிறகு நான் எங்குமே நீந்தியதில்லை. இந்த வருடப் படிவம் மேசையில் காத்திருந்தது. ஒஷாவாவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"விசரா, அந்தக் குளத்துக்குள்ளை ஒருநாளும் தண்ணி விடேல்லை. நீ சீமெந்திலை தவண்டுகொண்டு திரிஞ்சனீ. சனத்தை ஆத்துக்குள்ளை இறக்க முந்தி, போய்ச் சின்னப் பிள்ளையளோடை நிண்டு நீச்சல் பழகு."