பூப்போட்ட மெஷினும் மல்லிகாவின் குதிகாலும்

1. போன்

தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு மலையிலிருந்து போன் வந்தால், முதலில் கேட்க வேண்டியது, "மெஷினைக் கீழே கொண்டுவர முடியுமா?" என்பதுதான். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அன்றும் அதைத்தான் கேட்டேன். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு மகளிர் குழுவின் தலைவி ரஞ்சிதம் பேசினாள்.

"கீழ எறக்கறதுக்கு நாளைக்கு மத்தியானம் வண்டி வருதுக்கா. ஆனா அது காயலான் கடை வண்டி. நீங்க வந்து ஒரு தபா பாத்துட்டு, தேறாதுன்னு சொல்லிட்டீங்கன்னா மனசாரக் குட்த்துருவோம்."

எனக்கு ஆலங்காயத்தில் கடை. அதற்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் இருந்தேன். மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை சும்மா உட்காரப் பிடிக்காமல் நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அதுவே பிறகு என் தொழிலாகிவிட்டது. பழைய மெஷின் என்றால் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். பையை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

2. பூப்போட்ட மெஷின்

குழுவில் இரண்டு மெஷின்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கலசப்பாக்கத்தில் ஒரு கடைக்குச் சாமை அரிசி போட்டு விற்கத் துணிப்பை தைக்கிறார்கள். தைத்துக் கொடுத்த பை நன்றாக இருந்ததால், கடைக்காரர் இன்னும் கேட்டிருக்கிறார். இரண்டு மெஷினை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. செங்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, அந்த வீட்டுக்காரர் இந்த மூன்றாவது மெஷினைச் சும்மாவே கொடுத்திருக்கிறார். வந்த நாளிலிருந்து ஒரு தையல்கூட விழவில்லை. இரண்டு மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

பார்க்க அவ்வளவு அழகு. கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் கொடியும் பூவும். பெயர் எழுதியிருந்த இடம் மட்டும் தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தது.

பெயர் இல்லாதது எனக்குப் பெரிய விஷயமில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், தகட்டை மாற்றி அடிக்கலாம். நான் முதலில் ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டை நகர்த்தி, அடிநூல் எங்கே உட்காருகிறது என்று பார்ப்பேன். படகு மாதிரி நீள ஷட்டில் ஆடினால் ஒரு வகை. அடிநூல் சுற்றிய வட்ட பாபின், கேஸுக்குள் உட்கார்ந்தால் வேறு வகை. இதில் இரண்டும் இல்லை. வட்டமான ஒரு ஹூக், அதன் குழிக்குள் காசு மாதிரித் தட்டையாக ஒரு பாபின். கேள்விப்பட்டிருக்கிறேன், கையால் தொட்டது அன்றுதான். எனக்கு உள்ளுக்குள் குஷியாகிவிட்டது.

அடுத்தது ஊசி. பழைய மெஷின் பாதிக்கு மேல் ஊசியில்தான் கெட்டுப்போகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ஊசியை மாட்டிவிடுவார்கள். நீளம் பொருந்தாது. இதில் அந்தக் குறை இல்லை. டிராயரில் மெஷினின் சொந்த ஊசிகளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இருந்தன. புதிதாக ஒன்றை மாட்டினேன். நூல் கோத்தேன். எண்ணெய் விட்டேன். சக்கரத்தை என் பக்கமாகச் சுற்றினேன். ஊசி இறங்கியது, ஏறியது. அடிநூல் மட்டும் மேலே வரவில்லை. மிதித்துப் பார்த்தேன். நூல் சுருண்டு, அறுந்தது.

நூலின் டென்ஷனைத் தளர்த்தினேன். ஊசியைத் திருப்பி மாட்டினேன். எதற்கும் மசியவில்லை. மிச்சம் இருந்தது ஹூக்கின் டைமிங், அதாவது ஊசி ஏறும்போது ஹூக் நூலைப் பிடிக்க வந்துசேரும் நேரம், அது மட்டும்தான். அந்த ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டால், பழைய இடத்தில் மறுபடி நிறுத்துவது சாதாரண வேலையில்லை. எப்படி நிறுத்தவேண்டும் என்று கேட்க இந்த மெஷினை ஓட்டியவர் யாரும் எனக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

"மொதல்ல சாப்டுங்கக்கா" என்று ரஞ்சிதம் தட்டை நீட்டினாள். சாமைச் சோறும் புளிக்குழம்பும். நல்லவேளை, பசித்தது. எழுந்து வெளியே போனேன்.

3. குதிகால்

பாதிச் சாப்பாட்டில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். மற்ற இரண்டு மெஷினின் சத்தமில்லை. மெல்லிய, ஒரே சீரான ஓட்டம்.

"அடியே மல்லி! ரிவர்ஸ்ல மெதிக்காதன்னு எத்தினி தபா சொல்றது!" என்று ரஞ்சிதம் கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். நான் எச்சில் கையோடு பின்னாலேயே போனேன்.

பூப்போட்ட மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மல்லிகா. குழுவில் துணி வெட்டுவது அவள் வேலை. தையல் பழகியபோது அவளுக்கு ஒரு பழக்கம் விடவே இல்லையாம். மிதிபலகையில் குதிகாலை முதலில் அழுத்துவாள், சக்கரத்தைத் தன் பக்கம் இழுக்காமல் முன்னால் தள்ளிவிடுவாள். மற்ற மெஷின்களில் அப்படி ஓட்டினால் நூல் அறுந்துபோகும். திட்டு வாங்கி வாங்கி, கத்திரிக்கோலே போதும் என்று ஒதுங்கிவிட்டவள்.

"ஆளில்லாம சும்மா கீதேன்னு உக்காந்தேங்கா. எப்டியும் காயலான் கடைக்குப் போறதுதானே" என்று பயந்துபோய் எழுந்தாள்.

நான் துணியைத் திருப்பிப் பார்த்தேன். மேலே தையல். அடியிலும் தையல். ஒன்றுகூடத் தப்பவில்லை, முத்து கோத்த மாதிரி.

"உக்காரு. இன்னொரு தபா மெதி" என்றேன்.

மிதித்தாள். சக்கரம் அவள் பக்கம் வராமல் எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. ஹூக் சரியாக வந்து நூலின் வளையத்தைப் பிடித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மெஷினைச் செய்தவர்களே அதை எதிர்ப்பக்கம் சுற்றத்தான் செய்திருக்கிறார்கள். கெட்டுப்போனது எதுவும் இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தலைகீழாக ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ரஞ்சிதம் நம்பவில்லை. "எந்திரி, நான் பாக்குறேன்" என்று உட்கார்ந்தாள். பழகிய கால் பழகிய பக்கமே மிதித்தது, நூல் பட்டென்று அறுந்தது. மல்லிகா உட்கார்ந்தாள், ஓடியது. இன்னொருத்தி உட்கார்ந்தாள், அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. கடைசியில் ரஞ்சிதம் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காயலான் கடை பாய் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா இவ்ளோ சிரிப்பு? ஏத்திடலாமா?"

"அது வராது பாய்" என்றாள் மல்லிகா. அவள் குரல் அவ்வளவு பலமாக வந்ததில் அவளே திடுக்கிட்டாள். "ஒங்க சட்டப் பாக்கெட்டு கிழிஞ்சி கீது பாருங்க. கயிட்டிக் குடுங்க, தெச்சித் தர்றேன்."

பாய் பனியனோடு நின்று டீ குடித்தார். பாக்கெட் தைத்து முடித்ததும் இழுத்து இழுத்துப் பார்த்தார். "சட்டையே கிழிஞ்சாலும் இது கிழியாது போல" என்று சொல்லி, வெறும் வண்டியோடு சிரித்துக்கொண்டே போனார்.

4. பெல்ட்

கிளம்பும் முன் ஒரு யோசனை சொன்னேன். "பெல்ட்டை எட்டு மாதிரிக் குறுக்கே மாத்திப் போட்டா, எல்லாரும் வழக்கம்போல மெதிக்கலாம். சக்கரம் தானா எதிர்ப்பக்கம் சுத்தும். போட்டுத் தரட்டுமா?"

ரஞ்சிதம் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். மல்லிகா இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்கா. அப்டியே வுடுங்க. இது என்து."

விட்டுவிட்டேன். கடைக்காரர் கேட்ட பைகளை மூன்று மெஷினும் சேர்ந்து நேரத்துக்கு முடித்ததாகப் பிறகு போன் வந்தது. வெட்டுவதற்குத்தான் இப்போது ஆள் தேடுகிறார்களாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயர் தெரியாத பழைய மெஷின் வந்தால், ஊசியைப் பாருங்கள், ஹூக்கைப் பாருங்கள், சக்கரத்தை இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். ஸ்க்ரூவில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நான் இப்போது ஸ்க்ரூடிரைவரைப் பையிலிருந்து எடுப்பதற்கே நேரமாகிறது. முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க உக்காந்து மெதிங்க, நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் காலைத்தான் பார்க்கிறேன்.