அடியில் ஒட்டிக் கிடந்த புள்ளிகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். கொழும்பில் இருந்து வந்த அந்தப் புள்ளிப் படத்தைப் பார்த்த அன்று அது மூக்கையும் தாண்டிப் போய்விட்டது.

முழங்கால் நோவுக்கான புதிய ஊசி ஒன்றைப் பரிசோதிக்கும் ஆய்வில் எங்கள் திருகோணமலைக் கிளினிக்கும் சேர்ந்திருந்தது. நோயாளிகளைக் கேட்டு எழுதும் நேர்ஸ் நான். நோவே இல்லை என்றால் பூச்சியம், இதற்கு மேல் நோவே கிடையாது என்றால் பத்து, இன்றைக்கு எத்தனை? இதுதான் கேள்வி. சில மாதங்கள் குளிசை விழுங்கிய பிறகும் ஐந்துக்குக் குறையாமல் சொல்பவர்களுக்குத்தான் ஊசி.

எல்லா ஊர்க் கிளினிக்குகளின் எண்களையும் கொழும்பு அலுவலகத்தில் ஒரே படமாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு புள்ளி, கிளினிக்குக்கு ஒரு வரிசை. மற்ற ஊர்ப் புள்ளிகள் மேலும் கீழுமாகப் பரவியிருந்தன. எங்களுடையவை மட்டும் இரண்டிலும் மூன்றிலும் ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தன. விளக்கம் தேவை என்று கீழே எழுதியிருந்தார்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா? நேர்ஸ் ஒருவரையும் கேட்காமல், கதிரையில் சாய்ந்துகொண்டு தன்பாட்டில் எண்களை நிரப்புகிறாள் என்று அர்த்தம். அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலை நான் அவிழ்க்கவே இல்லை.

படத்தைப் போட்டவரே நேரில் வந்தார். மெதுவாகக் கதைக்கிற மனிதர். சண்டைக்கு ஆள் கிடைத்தது என்று காத்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். நான் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் இருக்கலாமா என்றார். இருங்கோ, நல்லாப் பாருங்கோ என்றேன்.

அன்று முதலில் வந்தவர் மூதூரில் இருந்து வரும் உம்மா. அவர் பஸ்ஸால் இறங்கி எங்கள் வாசலுக்கு வருவதற்குள் நான் வேறு ஆட்களைப் பார்த்து முடித்துவிடுவேன். தரையில் நெற்றி வைக்க முடியாமல் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். ஊசி கிடைத்தால் திரும்பவும் பாயில் தொழலாம் என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்வார். அன்றும் மேசை விளிம்பைப் பிடித்துப் பிடித்துத்தான் உட்கார்ந்தார். எத்தனை என்று கேட்டேன். இரண்டு என்றார்.

கொழும்புக்காரர் அந்த வீங்கிய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பத்து என்று எதை நினைக்கிறீங்கள் என்று உம்மாவிடம் கேட்டார். எனக்கு ஒருநாளும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சண்டை நேரம் ஊரே எழும்பி ஓடியபோது அவருக்கு நிறைமாதம். வழியில் ஒரு மரத்தடியில், மருத்துவச்சியும் இல்லாமல் பிள்ளை பெற்றிருக்கிறார். விடியும்வரைக்கும்தான் பிள்ளைக்கு மூச்சு இருந்ததாம். மீன் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

“அது பத்து, மகன். இது முழங்கால்தானே.”

பிறகு வந்தவர்களையும் கொழும்புக்காரர் அப்படியே கேட்டார். முதுகில் இன்னும் ஷெல் துண்டோடு நடக்கும் தோப்பூர் விவசாயி, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளில் முள்ளுக்கம்பியில் கால் கிழிபட்ட உப்புவெளிப் பெண். எல்லாருக்கும் சொந்தமாக ஒரு பத்து இருந்தது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்று பதிந்துவிட்டு, என்னிடம் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஊசி விதியை இடையில் மாற்ற ஏலாது என்றார். ஊருக்கு ஒரு அளவு வைத்தால் ஆய்வே பிழையாகிவிடும். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஊசிக்கு ஆள் எடுப்பது அடுத்த முறையோடு முடிகிறது; அதுதான் உம்மாவுக்குக் கடைசி வாய்ப்பு. கள்ள எண் எழுதுகிறவள் என்று நினைத்துவிட்டார்களே என்று குதித்த நான், அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சினேன்.

“உம்மா, ஆறு எண்டு சொல்லுங்கோ. நான் எழுதுறன். உங்களுக்கு ஊசி கிடைக்கும்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆறு எண்டா பத்துக்குக் கிட்ட, மகள். அந்தப் புள்ளையப் பெத்த நோவுக்குக் கிட்ட இத வைக்க எனக்கு ஏலா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். உம்மாதான் என் முதுகைத் தடவிவிட்டார். பிறகு பேனையை எடுத்து, இரண்டு என்று எழுதினேன்.