செக்ரோலில் இல்லாத பெயர்

வேற்றுக் கிரகங்களில் உயிர்கள் இருக்குமா என்று கொழும்பில் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், கட்டாயம் இருக்கும் என்று அடித்து எழுதினேன். எண்ண முடியாத நட்சத்திரங்கள். அவற்றைச் சுற்றி அதைவிட அதிகமாகக் கிரகங்கள். மலை நிறையத் தேயிலை நிற்க, ஒரேயொரு செடிதான் துளிர்த்தது என்றால் கொழுந்து பறிக்கும் என் அம்மா நம்புவாளா என்றும் கேட்டிருந்தேன். விஞ்ஞான சேர் அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

தெரிவானவர்களுக்குப் பெரிய தொலைநோக்கியில் சனிக்கிரகத்தின் வளையத்தைக் காட்டுவார்களாம். கடிதம் வீட்டுக்கே வரும் என்றார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு இலக்கமும் கிடையாது, தெருவும் கிடையாது. தோட்டத்து ஆட்களின் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். நான் என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினேன். அப்பாவின் பெயரை எழுதவில்லை. கட்டுரை என்னுடையதுதானே என்ற திமிர்.

இரண்டு மாதம் காத்திருந்தேன். பிறகு சேர் கொழும்புக்குப் போன் செய்து கேட்டார். நான் தெரிவாகியிருந்தேன், நிகழ்ச்சி முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. எனக்குப் போட்ட கடிதம், இப்பெயரில் இங்கு எவரும் இல்லை என்று எழுதப்பட்டுத் திரும்பிப் போய்விட்டதாம்.

அப்பா வேலை முடிந்து வந்து, சட்டை மாற்றிக்கொண்டு என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். கிளாக்கர் ஐயா கெட்டவர் அல்ல. அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். வேலையாட்களின் பெயர்கள் உள்ள செக்ரோல் புத்தகத்தை எடுத்து, பொறுமையாக விரல் வைத்துக் காட்டினார்.

"பாருங்க, இதுல மக பேரு இல்லையே. வேலைக்கு வந்தா தானா ஏறிடும்."

அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் எங்கள் லயம் தெரிந்தது. அப்பா ஏதாவது கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிங்கய்யா. புள்ளதான் தெரியாம எழுதிருச்சு," என்றார்.

திரும்பும் வழியில், "எனக்காக ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? ஒங்களுக்கு ரோசமே இல்லையாப்பா?" என்று கேட்டேன். ஒரு கிழமை நான் அவரோடு பேசவில்லை. அவர் கடையில் எனக்குத் தின்ன வாங்கி வந்த பணிஸைத் தொடவும் இல்லை.

கோடானுகோடி மைலுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று அத்தனை உறுதியாக எழுதியவள் நான். அந்தச் செக்ரோல் புத்தகத்தில் அப்பாவின் பெயரை அடித்துவிட்டால் நாங்கள் படுக்கும் அறையும் எங்களுடையதல்ல என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.