பெரியப்பாவின் துடக்கும் கியூபாவும்

பெரியப்பா செத்து இருபத்திரண்டாம் நாள், நானும் மனைவியும் கியூபாவுக்குப் போனோம். அவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் வாசல்கூட மிதிக்கக்கூடாது. ஆனால் ரிக்கற் முன்பே எடுத்தாயிற்று, பதினெட்டு வருடக் கலியாணத்தில் இதுதான் எங்கள் முதல் விடுமுறை. மனைவிதான் வழி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, ரெண்டு பேருக்கும் கோவிட் எண்டு சொல்லுவம். ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம்."

தொலைபேசியில் பெரியம்மா பதறிப்போனார். "வெளிக்கிடாதேங்கோ பிள்ளையள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சுகமாய் வந்தாக் காணும்."

"ஓம் பெரியம்மா" என்று இருமியும் காட்டினேன். அந்த இருமலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

படமே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். ஒரு படம் வெளியே போனால் கனடாவில் எங்கள் ஸ்காபரோ முழுக்கப் போய்விடும். நாலாம் நாள் விடுதிக்காரர்கள் பஸ்ஸில் ஒரு பழைய ஊருக்குக் கூட்டிப்போய் மூன்று மணி நேரம் தந்தார்கள். உருண்டைக் கல் பதித்த தெருக்கள், மஞ்சளும் நீலமுமாய் வீடுகள், ஆளுயர ஜன்னல்களுக்கு மரக்கம்பிகள். மணிக்கோபுரத்தைக் கண்டதும் மனைவி இளகிவிட்டாள். மேலே ஏறி ஒன்றே ஒன்று எடுப்போம் என்றாள். கைபேசியை வெளியே எடுத்தேன்.

"தொப்பியைப் போடு எண்டு எத்தினை தரமடா சொல்லுறது?"

எங்கள் தமிழ்! ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அன்ரி. செத்தவீட்டில் என் தோளைப் பிடித்து அழுதவர், கோபுர வாசலில் பேரப்பிள்ளைகளோடு ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றார்.

எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்குள் பாய்ந்தோம். அதற்குப் பின்வாசல் இல்லை. அன்ரியும் அசைவதாக இல்லை. கிற்றார்க்காரன் ஒருவன் வாசிக்க, கோபுர வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ சீனி முதலாளியின் பீங்கான் கோப்பைகளை நாலு தரம் சுற்றிப் பார்த்தோம். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காசு கொடுத்துப் பார்க்க வந்த ஊரை மிருகக்காட்சிச்சாலைக் குரங்குகள் மாதிரி உள்ளேயிருந்து பார்த்தோம்.

"கள்ளர் மாதிரி நிக்கிறம். பெரியம்மாட்டைக் கேட்டிருந்தாப் போயிட்டு வாங்கோ எண்டுதான் சொல்லியிருப்பா" என்றாள் மனைவி.

"கோவிட் ஆருடைய யோசனை?" என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை அவள் அடுத்த ஜன்னலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அன்ரி மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்து வெளியே ஓடினோம்.

வீடு திரும்பியபோது வாசற்படியில், பனிக்குள் பாதி புதைந்து ஒரு தூக்குச்சட்டி கிடந்தது. உள்ளே ரசம், கல்லாய் உறைந்திருந்தது. பெரியம்மா மகனிடம் கொடுத்துவிட்டது. எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது.

அந்தியேட்டியன்று சட்டியைக் கழுவிக்கொண்டு போனேன். பெரியம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். சட்டியை வாங்காமல் என் மூக்கையே பார்த்தார். பெப்ரவரி மாதத்தில் அது வெயில் பட்டுத் தோலுரிந்து கிடந்தது.

"எந்தக் கடல்?" என்றார்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "கியூபா, பெரியம்மா."

அவர் ஏசவில்லை. "பெரியப்பாவும் போவம் போவம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். முழங்கால் விடேல்லை" என்றார். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"படங்கள் எடுத்திருப்பாய்தானே. எங்கை, காட்டு பாப்பம்."

நான் கைபேசியை எடுத்தேன். அதில் ஒரு படமும் இல்லை. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.