ரத்தம் கொடுத்துப் பார்த்த காற்றாடி

உமையாள் ஆச்சிக்கு அடுத்தவர் வீட்டுத் தலையணையில் தூக்கம் வராது. மகள் அலமேலுவை ஈப்போவில் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு தடவையாவது போயிருப்பாள். ஒரு தடவைகூட அங்கே தங்கியதில்லை. காலையில் பிரிக்பீல்ட்ஸில் பஸ் ஏறி, மத்தியானம் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டு, நாலு மணிக்குப் பையைத் தூக்கிவிடுவாள். தங்கச் சொல்லி அவர்கள் கெஞ்சினால், "வீட்ல பூனை தனியா இருக்கு" என்பாள். உமையாள் வீட்டில் பூனையே கிடையாது.

அலமேலுவுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. "ஆத்தா, என் மாமியா வீடுன்னா ஒங்களுக்கு அவ்வளவு எளப்பமா?" என்று போனில் அழுதாள். உமையாள் ரிசீவரைக் கணவரிடம் கொடுத்தாள்.

கணவர் சாத்தப்பன் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்து நாலு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, 1991 தொடக்கத்தில் ஓய்வு பெற்றவர். இரண்டு வாரம் யோசித்தார். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை வாசலில் பெரிய ஹாரன் சத்தம் கேட்டு உமையாள் வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக் கார் வெளியே எடுக்க முடியாதபடி ஒரு பழைய பள்ளிக்கூட பஸ் நின்றுகொண்டிருந்தது. சாத்தப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார்.

"என்னங்க இது?"

"வீடு."

"வீடா? நெத்தியில 'பாஸ் செக்கோலா'ன்னு எழுதியிருக்கு?"

"அத அழிச்சிரலாம். நீ வீட்ட விட்டு வர மாட்டேங்கிற. அதான் வீட்டையே கூட்டிக்கிட்டுப் போறது. ஒந் தலவாணி, ஒன் அடுப்பு, ஒன் பாத்திரம். சம்பந்தி வீட்டு வாசல்ல நிறுத்திட்டு நம்ம வீட்லயே தூங்கு."

அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்றுதான் தோன்றியது. வரவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

பஸ் சாலாக் செலாத்தானில் ரெங்கசாமியின் பட்டறைக்குப் போனது. பஸ், லோரிகளுக்குக் கூடு கட்டுவதில் பேர் போன ஆள் அவர். இருபத்திரண்டு சீட்டுகளையும் பிடுங்கிவிட்டு, இரண்டு கட்டில், ஓர் அலமாரி, தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை எல்லாம் வைத்தார். மேடை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று அளந்து காட்ட உமையாள் நேரில் போனாள். கொசு வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டும் வந்தாள். ரெங்கசாமி ஒவ்வொரு சன்னலுக்கும் கதவுக்கும் ரப்பர் வைத்து இறுக்கினார். ஓர் எறும்புகூட உள்ளே வரமுடியாது என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

வேலை முடிந்ததும் உமையாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே வரும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இட்லிக் கொப்பரைக்குள்ள உட்காந்த மாதிரி இருக்கு" என்றாள். "இதுல சமைச்சா நானும் சேர்ந்து வெந்துருவேன். மேல ஓட்டை போட்டு ஒரு காத்தாடி வைங்க. வச்சாத்தான் வருவேன்."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு மாதம் பஸ் நகரவில்லை. எந்தக் காற்றாடி என்பதில் ஆளுக்கொரு கட்சியாகிவிட்டார்கள்.

சாத்தப்பனுக்குக் கப்பலில் இருந்து வந்த சாமான் என்றால் தனி மரியாதை. பண்டமாரானில், உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கும் கௌஸ் என்பவர் அவருடைய பழைய சிநேகிதர். அவர் கடையிலிருந்து சாத்தப்பன், காளான் குடை மாதிரி மூடி போட்ட ஒரு பித்தளைக் காற்றுக்குழாயைக் கொண்டுவந்து இறக்கினார். முப்பது கிலோ இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டும். "புயல்லயே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விடாது. கரண்டும் வேணாம்" என்றார்.

ரெங்கசாமி ஒத்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலைக் கூரைகளில் வெள்ளிப் பந்து மாதிரி சுற்றிக்கொண்டே இருக்குமே, அதுதான் சரி என்றார். "காத்துலயே சுத்தும் அண்ணே. பேட்டரி சாவாது. பாக்கவும் அழகா இருக்கும் லா."

உமையாளுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு எது என்று சொல்லவும் தெரியவில்லை. இந்தச் சமயத்தில்தான், ஒரு சனிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி வரும்போது, சாலையோரம் ரத்த தான பஸ் நிற்பதைப் பார்த்தாள். அதன் கூரையில் ஒரு சதுர மூடி பாதி திறந்திருந்தது. மூடிக்குக் கீழே ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் படியேறி உள்ளே போனாள். குளுகுளுவென்று இருந்தது. ஏழெட்டுப் பேர் இருந்தும் புழுக்கம் இல்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தபடி நின்றாள். ஒரு நர்ஸ் வந்து கையைப் பிடித்தாள்.

"ஆன்டி, மொத தடவையா? பயப்படாதீங்க. வயசு என்ன?"

"அம்பத்தேழு. நான் அந்தக் காத்தாடிய..."

"அறுபது வரைக்கும் குடுக்கலாம். படுங்க, படுங்க."

படுத்தால் காற்றாடி நேராகத் தெரியும் என்று உமையாளுக்குப் பட்டது. படுத்தாள். நன்றாகவே தெரிந்தது. பதினாலு அங்குலச் சதுரம் இருக்கும். ஆறு இறக்கை. மூடியை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி. கொசு வலைகூட இருந்தது! வலையைப் பார்த்த சந்தோஷத்தில் விரலில் குத்தியதோ, கையில் பட்டி கட்டியதோ அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊசி இறங்கியபோதுதான் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் எழுந்து ஓடுவது மரியாதையாக இருக்காது.

மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்து உட்காரவைத்தார்கள். பஸ் டிரைவர் ராதாகிருஷ்ணன் அங்கேதான் நின்றிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அது பன்னிரண்டு வோல்ட், வண்டி பேட்டரியிலேயே ஓடும். ஒரு பட்டனைத் தட்டினால் காற்றை வெளியே தள்ளும், இன்னொன்றைத் தட்டினால் உள்ளே இழுக்கும். கிள்ளானில் பஸ் சாமான் விற்கிற சீனர் கடையில் கிடைக்கும். நர்ஸிடம் ஒரு காகிதம் வாங்கி எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவளின் முழங்கையில் பிளாஸ்டரைப் பார்த்து சாத்தப்பன் பதறினார்.

"என்ன ஆச்சு உமையா?"

"காத்தாடி பாத்துட்டு வரேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானில் வாங்கிவந்ததையும் சேர்த்து, பட்டறையில் மூன்று காற்றாடிகளும் வரிசையாக நின்றன. எது நல்லது என்று வாயால் பேசித் தீராது, சமைத்துத்தான் பார்க்கவேண்டும் என்பது உமையாளின் தீர்ப்பு. ரெங்கசாமி கூரையில் ஒரு சதுர ஓட்டை வெட்டினார். அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி, சன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தச் சொல்லிவிட்டு, ஒரு கைப்பிடி வர மிளகாயை அள்ளிப் போட்டாள்.

முதலில் வெள்ளிப் பந்து. இலை அசையாத காலை. பந்தும் அசையவில்லை. மிளகாய் நெடி ஏறி உள்ளே இருந்தவர்கள் இருமத் தொடங்கினார்கள். கட்சியைக் காப்பாற்ற ரெங்கசாமியே கூரைமேல் ஏறி இரண்டு கையாலும் பந்தைச் சுற்றினார்.

"இப்போ எப்படி இருக்கு ஆச்சி?" என்று மேலேயிருந்து கத்தினார்.

"நல்லாருக்கு கூத்து! ஈப்போ வரைக்கும் நீங்க மேலயே வருவீங்களா?"

அடுத்தது கப்பல் குழாய். நாலு பேர் சேர்ந்து கூரைக்குத் தூக்கி வைத்தார்கள். வைத்ததும் கூரைத் தகடு 'டப்' என்று உள்வாங்கியது. புகை, குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த கௌஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "கப்பல்ல நல்லாத்தானே வேலை செஞ்சுச்சு" என்றார்.

"கப்பலுக்குக் கடக்காத்து இருந்துச்சு, பாய். இங்க என்ன இருக்கு?" என்றாள் உமையாள்.

மூன்றாவது அவளுடைய காற்றாடி. பட்டனைத் தட்டியதும் உர்ரென்று சுற்றியது. ஆனால் புகை அப்படியே நின்றது. எல்லாரும் வெளியே ஓடிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். சாத்தப்பன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உமையாள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளேயே நின்றாள். ரத்த தான பஸ்ஸில் அவ்வளவு நன்றாக ஓடியதே! அங்கே இருந்தது எது இங்கே இல்லை? கண்ணீர் வழிய யோசித்தாள். அங்கே கதவு திறந்திருந்தது. ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கோடியில் இருந்த சன்னலை ஒரு சாண் திறந்தாள். கழுத்துப் பக்கம் ஜில்லென்று ஒரு காற்று நுழைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகை முழுக்கச் சுருண்டு, கூட்டமாகக் கிளம்பி, கூரை வழியே வெளியே போனது. அரை நிமிஷத்தில் எதிரே இருந்த அலமாரி பளிச்சென்று தெரிந்தது.

"இங்க வாங்க! உள்ள வந்து பாருங்க!"

சாத்தப்பன் வந்து பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு, "அப்படின்னா என் குழாய்க்கும் சன்னலத் தொறந்து வச்சுப் பாக்கணும்ல? அதுதானே நியாயம்?" என்றார்.

நியாயம்தான். உமையாளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அதற்கு வழியில்லாமல் போய்விட்டது. பக்கத்து டயர் கடைக்காரர், பஸ் கூரையிலிருந்து புகை தூணாக எழும்புவதைப் பார்த்து, "அப்பி! அப்பி!" என்று கத்தி பொம்பாவுக்குப் போன் செய்திருந்தார். மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. நாலு பேர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வாசற்படியில் கரண்டியோடு ஓர் அம்மாள் நிற்பதைக் கண்டு நின்றுவிட்டார்கள்.

"மக்சிக், அப்பி மானா?" என்று தலைவர் கேட்டார். அம்மா, நெருப்பு எங்கே என்கிறார்.

உமையாள் உள்ளே அடுப்பைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்து, மூன்று தும்மல் தும்மினார். சட்டியில் மிளகாய் கரியாகிக் கிடந்தது. ரெங்கசாமி கைகூப்பாத குறையாக மலாயில் விளக்கம் சொன்னார். தலைவர் கூரையை அண்ணாந்து பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு அதைக் காட்டி ஏதோ சொன்னார். இந்த மாதிரி ஒன்று தங்கள் நிலையத்துச் சமையலறைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார் என்றார் ரெங்கசாமி. உமையாள் கிள்ளான் கடை விலாசத்தை ஒப்பித்தாள்.

தீயணைப்பு வண்டியையே வரவழைத்த காற்றாடிக்கு மேல் வேறு காற்றாடி வேண்டாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் என்றால் சாத்தப்பனைத் தவிர. தன் குழாய்க்கு நியாயமான பரீட்சை நடக்கவில்லை என்று அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் ஈப்போவுக்குப் போனார்கள். சம்பந்தி வீட்டு மாமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தியதும் சம்பந்தி சிவகாமி ஆச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க வீட்ல எடமில்லைன்னு ஊர் பேசட்டும்னுதானே இதக் கொண்டாந்தீங்க?"

உமையாளுக்கு அன்று பூனை ஞாபகம் வரவில்லை. முதல்முறையாக உள்ளதைச் சொன்னாள். "இல்ல சம்மந்தி. எனக்கு எடம் மாறுனா தூக்கம் வராது. அதச் சொல்ல வெக்கம். ஏறி வாங்க, காப்பி போடறேன்."

சிவகாமி ஆச்சி படியேறினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். உமையாள் ஒரு சன்னலைத் திறந்துவிட்டுப் பட்டனைத் தட்டினாள். மத்தியான வெயிலில் மாமரத்துக் காற்று உள்ளே வழிந்தது. காப்பி கொதிப்பதற்குள் சிவகாமி ஆச்சி காலை நீட்டினாள். "எங்க வீட்டு மாடி ரூமு அனலாக் கொதிக்கும். படுக்கவே முடியாது" என்று முணுமுணுத்தாள். உமையாள் தம்ளரோடு திரும்பியபோது, அவளுடைய தலையணையில், அவளுடைய பூப்போட்ட உறையின்மேல், சம்பந்தி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அலமேலு வந்து எட்டிப் பார்த்தாள். உமையாள் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, அந்தக் காப்பியைத் தானே குடித்தாள்.