மெட்ராஸ் தொப்பை

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஞானதாஸ் டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொப்பை கட்டிக்கொள்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு போதுமாக இருந்தது. இந்த வருஷம் இரண்டு. வயிற்றைச் சுற்றி இறுக்கி, முடிச்சைப் பின்னால் தள்ளி, சட்டையை நீவிவிட்டு, லேசாகத் தட்டிப் பார்க்கிறார். திருப்தி. அப்புறம்தான் கிராமத்தைப் பார்த்து நடை.

நிஜத் தொப்பை இருந்த காலத்தில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. மெட்ராஸில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறார் ஞானதாஸ். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேலே போவதும் கீழே வருவதும்தான் உத்தியோகம். கேன்டீனில் மிஞ்சிய பூரியும் கிழங்கும் லிப்ட்டுக்கே வந்துவிடும். கூழைக் குடித்து ஏர் பிடித்த உடம்புக்கு வேறென்ன வேண்டும்? சில வருஷங்களிலேயே ஆள் இரண்டு ஆளாகிவிட்டார். பஸ் கண்டக்டர்கள், "நைனா, ரெண்டு டிக்கிட்டா எடுத்துக்க" என்பார்கள். "எடுத்துட்டா போச்சு, ரெண்டு சீட்டு குடு" என்று இவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

ஊரில் அந்தத் தொப்பைக்கு இருந்த மரியாதை சொல்லி மாளாது. சேரிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கப் போட்டி போடும். ஒரு காலத்தில் "டேய் எலும்பா" என்று வேலை ஏவிய பண்ணைக்காரர் தாமோதரன், தொப்பையைக் கண்ட பிறகுதான் "இன்னாப்பா ஞானதாசு, சௌக்கியமா?" என்று கேட்கத் தொடங்கினார். ஆனால் எல்லாரையும்விட அதைக் கொண்டாடியவள் தங்கை மார்த்தாள்தான். அப்பன் பட்டினியில் சுருங்கிச் சுருங்கி, பாயோடு பாயாகக் கிடந்து செத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். "எங்கண்ணன் வவுறு காயலை, பாத்துக்கோ" என்று நடவு வயலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்வாள்.

அதனால்தான் இந்தத் துண்டு. ரத்தக் கொதிப்பு வந்து, உடம்பைக் குறைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மெட்ராஸ் டாக்டர் மிரட்டியதிலிருந்து ஞானதாஸ் பூரியைத் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் பீச் வரை நடக்கிறார். இளைத்த பிறகு மூச்சு வாங்குவதும் நின்றுவிட்டது. இதை மார்த்தாளிடம் எப்படிச் சொல்வது? இளைப்பு என்றாலே அவளுக்கு அப்பன் ஞாபகம்தான் வரும். பாவம் மனுஷர், தங்கையை அழ வைக்க அவருக்குத் துணிச்சல் போதவில்லை.

கடைசியில் துண்டே காட்டிக்கொடுத்துவிட்டது. தங்கை வீட்டில் சாப்பிடச் சம்மணம் போட்டதும் முடிச்சு அவிழ்ந்து, சட்டைக்குக் கீழே ஒரு முனை எட்டிப் பார்த்தது. குழம்புச் சட்டியோடு நின்ற மார்த்தாள் சட்டியை வைத்துவிட்டு அதைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"இன்னாண்ணா இது? வவுறு எங்க? இன்னா சீக்கு ஒனக்கு? எங்கிட்ட மறைச்சிக்கினு கீறியா?"

"சீக்கெல்லாம் இல்லம்மா. குண்டா இருந்தப்பதான் சீக்கு. டாக்டரு எளைக்கச் சொன்னாரு. சத்தியமா சொல்றேன், இப்பதான் நல்லாக் கீறேன்."

அவள் நம்பவில்லை. சட்டைக்குள் கையை விட்டு விலாவைத் தடவிப் பார்த்தாள். எலும்பு தட்டுப்படவில்லை. கையை எடுக்காமலே அழுதாள். பிறகு அவர் தட்டிலிருந்த சோற்றில் பாதியை அள்ளிப் பானையிலேயே போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மாட்டு வண்டி நின்றது. "ஞானதாசு வந்துகீறானாமே! எங்கப்பா மெட்ராஸ் தொப்பை? வெளிய வா, பாக்கலாம்." வண்டியில் உட்கார்ந்தபடியே தாமோதரன் கூப்பிட்டார்.

ஞானதாஸ் திகைத்துப் போய் எழுந்து நின்றார். மார்த்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு துண்டுகளையும் எடுத்து அண்ணன் வயிற்றில் இறுக்கிச் சுற்றினாள். தள்ளி நின்று பார்த்தாள். போதாது என்று பட்டது. கொடியில் காய்ந்த தன் பழைய சேலையை உருவி, நாலாக மடித்து, உள்ளே திணித்தாள்.