அறுவடை நடனம் என்று எழுதிய அட்டை

திருவண்ணாமலை பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதால், செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண்காட்சிக்குள் நுழைகிறேன். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுப் பழம்பானைகளைப் படம் பிடித்து, மதராஸிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். கழுத்து மாலையைக் கழற்ற மனமில்லாத அதிகாரி ஒருவர் குச்சியால் தட்டித் தட்டி விளக்குகிறார். ஒரு பானையில் நரித்தலை வீரன் முன்னே போக, மனிதர்கள் வரிசையாகப் பின்னால் வருகிறார்கள்.

"இது அறுவடை நடனம்" என்கிறார். கீழே அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. எல்லாரும் தலையாட்டுகிறோம், நானும்தான்.

மல்லாட்டைச் செடி பிடுங்கிய மண் கையோடு வந்திருக்கும் ஒரு பெண் குனிந்து பார்க்கிறாள்.

"ஆடறவன் கைய இன்னாத்துக்குய்யா பின்னால கட்டி வச்சிருக்குது? கழுத்துல கயிறு வேற இருக்குது. நரி இஸ்துகினு போவுது."

உற்றுப் பார்க்கிறேன். கயிறு ஒவ்வொரு கழுத்தையும் சுற்றி நரியின் கையில் முடிகிறது.

அதிகாரி படத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்க்கிறார். "படிச்சவங்க எழுதினதும்மா. தள்ளி நில்லு."

"நிக்கறேன்யா. ஆனா அவங்கள வெட்டத்தான் இஸ்துகினு போறாங்க." அவள் வெளியே போய்விடுகிறாள்.

பார்வையாளர் நோட்டில் பாராட்டி நாலு வரி எழுதும்படி அதிகாரி என்னிடம் பேனாவை நீட்டுகிறார். 'இவர்கள் ஆடவில்லை, கைதிகள். அந்த அம்மாள் சொன்னதே சரி' என்று எழுதிக் கொடுக்கிறேன்.

படிக்காமலேயே மை காய ஊதுகிறார். "ரொம்ப சந்தோஷம் சார்" என்கிறார்.